‘ரேடியம் டாட்டூ’வில் ரேடியம் எங்கே இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூரிலிருந்து அக்கா போன் செய்தாள். “உன் மருமக ரேடியம் பச்சை குத்திக்கப் போறாளாம்டா. வெளிச்சத்துல தெரியாதாம், இருட்டுல மினுக்குமாம். கேன்சர் வரும்னு கீழ் வீட்டுக்காரம்மா சொல்றாங்க. நீ இங்க் வேலை பாத்தவன்தானே, வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

ஸ்ரீராம்புரத்தில் பதினைந்து வருஷம் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவன் நான். தோலில் குத்தும் மை என் தொழில் இல்லை. ஆனால் மருமகள், அதாவது அக்கா மகள், ஆசைப்படும் அந்தப் பளீர் பச்சையும் பிங்க்கும் எனக்கு நன்றாகப் பழக்கம், டப்பா டப்பாவாகப் போஸ்டரில் தேய்த்திருக்கிறேன். போய் உட்கார்ந்து பேசினால், அக்கா பயந்த இடத்தில் பயம் இல்லை, மருமகள் நம்பிய இடத்தில் நம்பிக்கைக்கு வழியில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சமையலறையில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

## ஒரே பேரில் மூன்று சமாச்சாரம்

ஜே.சி. ரோட்டில் வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தருகிறார்களே, அந்தக் கடைகளுக்கு ‘ரேடியம் ஒர்க்ஸ்’ என்றுதான் பலகை. உண்மையான ரேடியம் அங்கே இருந்தால் தெருவையே காலி செய்திருப்பார்கள். அந்த ஸ்டிக்கரில் இருப்பவை பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். ஹெட்லைட் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அது கண்ணாடி வேலை.

குழந்தைகள் அறையில் கூரையில் ஒட்டும் நட்சத்திரம் இன்னொரு வகை. விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பச்சையாக மின்னும். இதற்கு நின்றொளிர்தல் என்று பெயர். வாங்கிய வெளிச்சத்தைச் சேமித்து வைத்து மெதுவாக விடுவது.

மூன்றாவது, நம் விஷயம்: ‘பிளாக்லைட்’ என்ற நீல விளக்கு எரியும் வரை மட்டும் ஒளிரும், அணைத்த கணமே அணையும். இதுதான் உடனொளிர்தல். போஸ்டர் தொழிலில் ‘ஃப்ளோரசன்ட் கலர்’ என்போம், துணிக்கடையில் ‘நியான் கலர்’ என்பார்கள்.

மூன்றுக்கும் ரேடியம் என்ற பேர் எப்படி ஒட்டிக்கொண்டது? ரேடியத்தை மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898-இல் கண்டுபிடித்தார்கள். அதைக் கலந்த வர்ணத்தைக் கடிகார முகப்பில் பூசினால் இரவெல்லாம் தானாகவே மின்னும். அமெரிக்காவில் அந்த வேலை செய்த பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே எழுதினார்கள். 1920-களில் அவர்களுக்குத் தாடை எலும்பு உளுத்துப்போனது, பலர் செத்தார்கள். அந்த வர்ணம் எப்போதோ ஒழிந்துவிட்டது. பேர் மட்டும் ஜே.சி. ரோட்டுப் பலகையில் நிற்கிறது, அதோடு சேர்ந்து கீழ் வீட்டுக்காரம்மாவின் பயமும்.

இதுவரை வந்தது: ஸ்டிக்கர் வெளிச்சத்தைத் திருப்புகிறது, கூரை நட்சத்திரம் சேமித்து விடுகிறது, டாட்டூ மை விளக்கு இருக்கும்போது மட்டும் ஒளிர்கிறது. எதிலும் ரேடியம் கிடையாது.

## டீக்கடையில் டாலர்

கையில் ஒரு டாலர் நோட்டு இருக்கிறது. தெருமுனை டீக்கடையில் நீட்டினால் வாங்க மாட்டார். பணம் மாற்றும் கடைக்குப் போனால் கமிஷன் பிடித்துக்கொண்டு ரூபாயாகத் தருவார்கள். இனி டீ குடிக்கலாம்.

நம் கண்தான் அந்த டீக்கடைக்காரர். ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் வாங்கிக்கொள்ளும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கியதில் ஒன்று. ஒளி அலையின் நீளத்தை அதால் அளப்பார்கள். 400-க்குக் கீழே இருப்பது புற ஊதா. வந்து விழும், ஆனால் கண் அதை எடுத்துக்கொள்ளாது. ‘பிளாக்லைட்’ என்று பப்பிலும் பவுலிங் கூடத்திலும் மாட்டும் விளக்கு பெரும்பாலும் 365 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாவைத் தருவது. கண்ணுக்கு மங்கிய ஊதா நிறம் மட்டும் தெரியும்.

மையில் உள்ள சாயம்தான் பணம் மாற்றும் கடை. புற ஊதாவை விழுங்குகிறது, கொஞ்சத்தைச் சூடாகக் கமிஷன் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ வெளியே விடுகிறது. எல்லாம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்தில் முடிந்துவிடும். டாலர் வருவது நின்றால் ரூபாயும் நிற்கும். அதனால்தான் விளக்கை அணைத்ததும் டாட்டூ காணாமல் போகிறது. கூரை நட்சத்திரம் சீட்டுக் கம்பெனி மாதிரி, இன்று வாங்கித் தவணையில் தரும்.

இந்தக் கமிஷன் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852-இல் குயினைன் கரைசலை வைத்துப் பார்த்தார். உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்றார், அதாவது ஆற்றல் குறைவு. ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பேரை வைத்து இதற்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே.

## நீல டார்ச்சும் மஞ்சள் தூளும்

சொன்னால் நம்ப மாட்டாள் என்று எஸ்.பி. ரோட்டில் 250 ரூபாய்க்கு ஒரு நீல டார்ச் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இந்த மலிவு டார்ச்சுகள் பொதுவாக 395 நானோமீட்டர், கொஞ்சம் ஊதா வெளிச்சமும் கலந்து கசியும். பரவாயில்லை, வேடிக்கை காட்டப் போதும்.

சமையலறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு விளக்கை அணைத்தோம். முதலில் வீட்டிலிருந்த ஒரு வெள்ளைச் சட்டை: இருட்டில் நீலமாகக் கொதித்தது. சலவைத்தூளில் துணி பளிச்சென்று தெரிவதற்காக ஓர் உடனொளிர் சாயம் சேர்க்கிறார்கள், அது துணியிலேயே தங்கிவிடும். (சொட்டு நீலம் வேறு, அது வெறும் நீலச் சாயம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.) அடுத்து ஒரு 500 ரூபாய் நோட்டு: எண் அச்சிட்ட இடம் மின்னியது, தாளுக்குள் மயிரிழை இழையாகச் சில நார்கள் தெரிந்தன. கள்ள நோட்டைப் பிடிக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அடையாளங்கள் இவை. கடைசியாக, எவர்சில்வர் கரண்டியில் நாலு சொட்டு சானிட்டைசர், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். டார்ச்சை அடித்ததும் கரண்டிக்குள் எலுமிச்சைப் பச்சையில் ஒரு குட்டிக் குளம் எரிந்தது.

“மாமா, இது மஞ்சளா?” என்றாள். மஞ்சள்தான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “தினமும் குழம்புல இதையா போடறேன்” என்றாள். ஊர்ப்பக்கம் வேலி ஓரத்தில் இந்த டார்ச்சோடு நடந்தால் தேளும் இப்படித்தான் நீலப்பச்சையாக மின்னும்.

ஆக, ஒளிர்வது என்ற குணத்தில் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. குழம்பில் இருப்பதும் ஒளிர்கிறது, தேளும் ஒளிர்கிறது. எந்தப் பொருள், உடம்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

## ஊசி எங்கே வைக்கிறது

மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை போல உதிர்ந்து புதிதாகும். மருதாணி அதில்தான் பிடிக்கிறது, அதனால் போய்விடுகிறது. டாட்டூ ஊசி அதைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். பெருவிழுங்கி என்ற காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. வயிற்றில் கல்லோடு அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்தச் செல் செத்தால் துகள் வெளியே விழும், அடுத்த செல் அதை எடுத்துக்கொள்ளும். 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். நாம் ‘அழியாத பச்சை’ என்பது, கைமாறிக் கைமாறி நடக்கும் இந்தக் காவல்தான்.

எல்லாத் துகளும் அங்கேயே நிற்பதில்லை. புண் வந்தால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சுகள் வரை பொடித்துகள்கள் போய்ச் சேர்கின்றன. 2017-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கிரெனோபில் நகரத்து எக்ஸ்ரே ஆய்வகத்தில் இறந்தவர்களின் தோலையும் முடிச்சுகளையும் சோதித்து, டாட்டூ நிறத்துகள் அங்கே இருப்பதைக் கண்டார்கள். அதனால் கெடுதல் வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. போகிறது என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பாட்டிகள் கையில் குறத்தி குத்தியது கரி. கரி கறுப்பு. பிறகு ஏன் அதைப் ‘பச்சை’ என்கிறோம்? மேலே உள்ள தோல் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துத் திருப்புகிறது, அதன் ஊடாகப் பார்க்கும்போது கரி நீலம் பாய்ந்து பச்சையாகத் தெரிகிறது. நாம் பார்ப்பது எப்போதும் மையும் தோலும் சேர்ந்த நிறம்.

ஒளிரும் மைக்கும் இதே கதிதான். மேல்தோலில் நமக்குக் கறுப்பு தரும் மெலனின், புற ஊதாவை விழுங்கத்தான் இருக்கிறது. விளக்கின் ஒளி மெலனினைத் தாண்டி உள்ளே போக வேண்டும், ஒளிர்வு அதே வழியில் வெளியே வர வேண்டும். அதனால் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மங்கலாகத்தான் ஒளிரும். இன்ஸ்டாகிராமில் மருமகள் காட்டிய படங்கள் எல்லாம் வெளிறிய தோலில், கேமராவை நன்றாகத் திறந்துவைத்து எடுத்தவை. இதைச் சொன்னதும்தான் அவள் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தாள். கேன்சர் என்று அக்கா ஒரு வாரம் கத்தியதற்கு அசையாதவள்.

## ஆசை எங்கே இருக்கிறது

ஆசையைக் கேலி செய்ய நான் போகவில்லை. வைட்ஃபீல்டில் வேலை, வீட்டில் அம்மா, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள். யாருக்கும் தெரியாமல் தனக்கென்று ஒன்று உடம்பில் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஒளிரும் மையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பகலிலும் நிறமாகத் தெரியும், நீல விளக்கில் இன்னும் பளீரிடும். மற்றது பகலில் தெரியாது என்று சொல்லி விற்பது. அவள் கேட்டது இரண்டாவது.

அந்த ‘தெரியாது’வைத்தான் நம்பக் கூடாது. ஊசி குத்திய இடம் குத்திய இடம்தான். கோடு தடித்துத் தழும்பாகத் தெரியலாம், சிவந்து நிற்கலாம், நாளானதும் மை பழுத்து மஞ்சளாகவும் காட்டலாம். நம் தோலில் காயம் ஆறினால் கறுத்துத் தடம் விழுவது சகஜம் வேறு. குத்துகிறவருக்கே மை கண்ணுக்குத் தெரியாததால் நீல விளக்கை அடித்து அடித்துப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். கை பழகாதவரிடம் கோடு கோணும்.

இன்னொரு பக்கம், ஒளிர்வு வற்றும். சாயத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒருநாள் உடைந்துபோகும். சிவாஜிநகர் சுவர்களில் நான் அடித்த போஸ்டர்களைச் சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஃப்ளோரசன்ட் பிங்க் முதலில் செத்திருக்கும், கறுப்பு எழுத்து மட்டும் நிற்கும். வெயில்தான் அதைக் கொல்கிறது. தோலிலும் அதே வெயில்தான் படுகிறது. அப்புறம் டச்-அப் என்று மறுபடி ஊசி.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். இந்த ஊரில் பப் ஒரு மணிக்கு மூடிவிடுகிறது, அங்கேயும் எல்லா இடத்திலும் நீல விளக்கு இல்லை. வருஷத்தில் எத்தனை மணி நேரம் அந்த டாட்டூ ஒளிரப் போகிறது? “அது என் இஷ்டம் மாமா” என்றாள். சரிதான்.

## விளக்கைப் பற்றிய பயம், புட்டியைப் பற்றிய பயம்

ரேடியம் இல்லை என்றதும் அக்காவின் பயம் விளக்கின் மேல் போனது. புற ஊதாவில் மூன்று வகை உண்டு. பிளாக்லைட் தருவது ‘யுவி-ஏ’, 315 முதல் 400 நானோமீட்டர் வரை, மூன்றில் சாது. தோல் டாக்டர்கள் தேமலும் வெண்புள்ளியும் பார்க்கப் பிடிக்கும் விளக்கும் இதே வகைதான். ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்ற அமெரிக்கர் 1903-இல் கண்டுபிடித்த வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து வந்தது அது. பப்பில் இரண்டு மணி நேரம் நிற்பதைவிட மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அக்கா வாங்கும் புற ஊதா அதிகம். விளக்கை நேராகக் கண்ணுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

என் பயம் புட்டியின் மேல். ஃப்ளோரசன்ட் போஸ்டர் மை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்: ஒளிரும் சாயத்தை ஒருவகைப் பிளாஸ்டிக்கில் கரைத்து, கெட்டியாக்கி, மாவாக அரைப்பது. அந்தப் பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் மெலமினும் ஃபார்மால்டிஹைடும் வைத்துச் செய்வார்கள். டாட்டூவுக்கு விற்பவற்றில் சிலவற்றில் சாயத்தை அக்ரிலிக் உருண்டைகளுக்குள் அடைத்திருப்பார்கள். சுவரில் ஒட்டினால் பிரச்சினை இல்லை. பெருவிழுங்கியின் வயிற்றில் ஐம்பது வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் ஐம்பது வருஷம் உட்கார்ந்து பார்த்ததில்லை. தோல் மருத்துவ இதழ்களில், ஒளிரும் மை குத்திய இடம் தடித்து, அரித்து, கட்டி கட்டியாக வீங்கியவர்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் எடுப்பது கஷ்டம்: டாட்டூ அழிக்கும் லேசர் நிறத்தைத் தேடிப்போய் அடிக்கும், நிறமே இல்லாத மையில் அதற்குப் பிடி கிடைக்காது.

மருமகளின் நம்பிக்கை, ‘எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்ற வாசகத்தின் மேல். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் அவள் விசாரித்த கடையில் அப்படித்தான் சொன்னார்களாம். அமெரிக்காவின் அந்த உணவு, மருந்து நிர்வாகம் அழகுக்காகத் தோலுக்குள் செலுத்த எந்த நிறமிக்கும் அனுமதி தந்ததில்லை. ஒளிரும் மைக்கு மட்டும் என்றில்லை, சாதாரணக் கறுப்புக்கும் கிடையாது. ஆகவே அந்த வாசகத்தைச் சொல்கிறவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

கண்டிப்பு காட்டுவது ஐரோப்பிய ஒன்றியம். 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் நாலாயிரத்துக்கும் அதிகமான ரசாயனங்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ விதித்திருக்கிறார்கள். இங்கே 2025-இல் கர்நாடக சுகாதாரத் துறை டாட்டூ மைகளைச் சோதித்து, 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொன்னது. செலினியம், குரோமியம், ஆர்செனிக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விதிமுறை கொண்டுவர மத்திய அரசை வலியுறுத்தப்போவதாகவும் அமைச்சர் சொன்னார்.

சுருக்கமாக: விளக்கு பெரிய ஆபத்து இல்லை, ரேடியமும் இல்லை. கவலை, தோலுக்குள் நிரந்தரமாகத் தங்கும் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றியது.

## கடையில் வாயைத் திறந்து கேட்பது

அடுத்த சனிக்கிழமை நானும் அவளோடு போனேன். சுத்தமான கடைதான், ஊசியை உறை பிரித்துக் காட்டினார்கள். ஒளிரும் மை புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பேர் இருந்தது, நிறம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எந்த பேட்ச், எப்போது காலாவதி, எதுவும் இல்லை. எங்கள் பட்டறையில் சுவருக்கு வாங்கும் டப்பாவிலேயே இதைவிட அதிகம் எழுதியிருக்கும். ஆர்ட்டிஸ்ட் பையன் தங்கமானவன், “ஏனூ ஆகல்ல சார்” என்றான் கன்னடத்தில். ஒன்றும் ஆகாதாம்.

அவனிடம் கேட்டவற்றில் ஒன்று, மையை எதில் கலக்கிறீர்கள் என்பது. பலர் இதைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். 2011 கடைசியில் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் டாட்டூ போட்ட 19 பேருக்கு அந்த இடத்தில் பருக்கள் கிளம்பின. காரணம், காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு தண்ணீர்க் கிருமி. கடையில் தப்பில்லை, முன்கூட்டியே கலந்து வந்த சாம்பல் நிற மையிலேயே அது இருந்தது. புட்டி புதிது என்பதால் மட்டும் அது சுத்தம் ஆகிவிடாது. குழாய்த் தண்ணீரில் மையை நீர்க்க விடுகிற கடையைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒளிரும் மைதான் வேண்டும் என்றால் மூடிய இடத்தில், கடுகளவு புள்ளி ஒன்று போட்டுப் பார்த்துச் சில மாதம் காத்திருப்பது மேல். ஒவ்வாமை அடுத்த நாளே வர வேண்டும் என்றில்லை, மாதங்கள் கழித்தும் கிளம்பும். அதனால் இதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே எக்ஸீமா உள்ளவர்கள், காயம் தடித்து வளரும் உடம்புவாகு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதன் பக்கம் போகாமல் இருக்கட்டும். ரத்த தானம் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: எந்த டாட்டூ போட்டாலும் நம் நாட்டு வழிகாட்டுதல்படி ஒரு வருஷம் தானம் செய்ய முடியாது. மருமகள் ஆபீஸ் முகாமில் தவறாமல் கொடுக்கிறவள், இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பார்ட்டிக்கு மட்டும் என்றால் தோல் மேல் பூசுகிற ஒளிரும் வர்ணம் கிடைக்கிறது. முகத்துக்கும் உடம்புக்கும் என்று விற்பதை வாங்கிப் பூசிக்கொண்டு போய்விட்டு, வந்து சோப்புப் போட்டுக் கழுவலாம். இப்போதைக்கு அவள் அதைத்தான் வாங்கியிருக்கிறாள். டாட்டூவை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை, ‘யோசிக்கிறேன்’ என்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும் முன் அக்கா முழங்கையை நீட்டினாள். திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், ஏழு வயதில், முறத்தில் அரிசி வாங்கிக்கொண்டு ஒரு குறத்தி குத்தியது. ஒரு தேள், கீழே மூன்று புள்ளி. “என்னுதுல அடிச்சுக் காட்டு” என்றாள். விளக்கை மறுபடி அணைத்து டார்ச்சை அடித்தேன். நகங்கள் லேசாக நீலமாகத் தெரிந்தன. புடவையில் தெறித்திருந்த சோப்புத் துளி மின்னியது. தேள் மட்டும் மசமசவென்று இன்னும் கறுப்பாக நின்றது.

“எரியாதாடா?”

“எரியாதுக்கா. அதுல இருக்கறது கரி. வர்ற வெளிச்சத்தையெல்லாம் அது முழுங்கிடும்.”